கம்ப்ரஸரை எங்கே வைப்பது, லிமிட்டர் எதற்கு?

கேள்வி கேட்டவர் ஒரு சிறிய இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார், பாடவும் செய்கிறார். புதிதாக ஒரு கம்ப்ரஸர் பெடல் வாங்கியிருக்கிறார். குழுவின் மிக்ஸரில் லிமிட்டரும் இருக்கிறது. அவர் கேட்டது நான்கு. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்கு முன்னால் கம்ப்ரஸரை வைப்பதா, பின்னால் வைப்பதா? லிமிட்டர் இருக்கும்போது கம்ப்ரஸர் எதற்கு? போட்டவுடன் வாசிப்பு ஏன் உயிரில்லாமல் தட்டையாகிறது? இரைச்சல் ஏன் கூடுகிறது? நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது: என் விரலுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே புகுந்த இந்தப் பெட்டி என் வாசிப்பை என்ன செய்கிறது? அது விளங்கிவிட்டால் வரிசை பெரும்பாலும் தானாக அமைந்துவிடும்.

மேடை ஒலியமைப்பிலும் ஒலிப்பதிவிலும் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கீழே சொல்லப்போவதில் ஒரு பகுதி வெறும் கணக்கு. அது யார் கையிலும் மாறாது. இன்னொரு பகுதி பழக்கமும் ரசனையும் சார்ந்தது. அதை அப்படியே பிரித்துச் சொல்கிறேன். உங்கள் கிட்டாரையும் ஆம்பையும் நான் கேட்டதில்லை. ஆகவே நான் தரும் எண்களிலிருந்து தொடங்குங்கள். எங்கே நிறுத்துவது என்பதை உங்கள் காது சொல்லட்டும்.

முதலில் கணக்கு. கம்ப்ரஸர் என்பது ஒலியைக் கேட்டுக்கொண்டே வால்யூம் குமிழைத் திருப்பும் ஒரு கை. எந்த அளவைத் தாண்டினால் கை அசைய வேண்டும் என்பது த்ரெஷோல்ட். தாண்டியதை எவ்வளவு அமுக்க வேண்டும் என்பது ரேஷியோ. அளவை டெசிபலில் சொல்கிறோம்; மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க ஒலி உரக்கம். த்ரெஷோல்டை -20 டெசிபலில் வைத்து ரேஷியோவை 4:1 ஆக்கினால், -8 டெசிபலில் வரும் ஓங்கிய சுரம் அந்த எல்லைக்கோட்டை 12 டெசிபல் தாண்டுகிறது. அந்த 12, நாலில் ஒரு பங்காகி 3 ஆகிறது. சுரம் -17-இல் வெளியே போகிறது. 9 டெசிபல் இறங்கிவிட்டது. மெதுவாகத் தொட்ட சுரம் -25-இல் வந்தால் அது கோட்டைத் தொடவே இல்லை, அப்படியே போய்விடும். இரண்டுக்கும் இடையே 17 டெசிபலாக இருந்த இடைவெளி 8 ஆகச் சுருங்கிவிட்டது.

மொத்தமும் சன்னமாகிவிட்டதால், வெளியேறும் வழியில் உள்ள கெய்ன் குமிழால் 9 டெசிபல் தூக்குகிறோம். ஓங்கிய சுரம் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. மெல்லிய சுரம் 9 டெசிபல் உயர்ந்துவிடுகிறது. கூடவே தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் முனகல், விரல் தந்தியில் உரசும் சத்தம், முன்னால் உள்ள பெடல்களின் சீறல் எல்லாம் அதே 9 டெசிபல் உயர்ந்துவிடுகின்றன. உங்கள் நான்காவது கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. கம்ப்ரஸர் சத்தத்தைக் கூட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது குறைக்கத்தான் செய்கிறது. கூட்டுவது அதற்குப் பின்னால் இருக்கும் குமிழ்.

லிமிட்டரும் இதே கைதான், பிடி மட்டும் இறுக்கம். ரேஷியோ 10:1-க்கு மேல் போனால் லிமிட்டர் என்று சொல்வது வழக்கம். 20:1-இல் அதே 12 டெசிபல் மீறல் 0.6 ஆகிவிடும், ஏறக்குறைய சுவர். இந்தக் கருவிகளின் பிறப்பே பாதுகாப்புக்காகத்தான். 1930-களில் வானொலி நிலையங்கள் ஒலிபரப்பிக் கருவி தன் எல்லையை மீறிவிடாமல் இருக்க இவற்றைப் பயன்படுத்தின. இசைக்கான சாயம் என்று மக்கள் இவற்றை விரும்பத் தொடங்கியது பின்னால்தான். ஸ்டுடியோக்களில் இன்றும் பேசப்படும் இரண்டு பழைய கருவிகளின் பெயர்ப்பலகையே வேலையைச் சொல்லிவிடுகிறது: எல்.ஏ.-2ஏ தன்னை ‘லெவலிங் ஆம்ப்ளிஃபையர்’ என்கிறது, அதாவது சமன் செய்வது. 1967-இல் வந்த 1176 தன்னை ‘லிமிட்டிங் ஆம்ப்ளிஃபையர்’ என்கிறது, அதாவது எல்லை கட்டுவது. அந்த 1176-இல் 4, 8, 12, 20 என்று நான்கு ரேஷியோ பொத்தான்கள் உண்டு. ஒரே பெட்டி, 4-இல் கம்ப்ரஸர், 20-இல் லிமிட்டர். ஆகவே இரண்டையும் வேறு வேறு இனமாக நினைக்க வேண்டாம். ஒரே இனத்தில் இரண்டு வேலைகள்.

இனி வாசிப்பு தட்டையாகும் சங்கதி. இதற்கு எல்லோரும் ரேஷியோவைக் குறை சொல்வார்கள். நான் கேட்ட வரையில் பெரும்பாலும் குற்றவாளி அட்டாக். கோட்டைத் தாண்டிய பிறகு, அந்தக் கை குமிழைத் திருப்ப எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அட்டாக். பேஸ் தந்தியை விரல் விடும் கணத்தில் ‘டக்’ என்று ஒரு கூர்மை பிறக்கிறது. சுரத்தின் உடல் அதன் பின்னால்தான் விரிகிறது. வாசிப்பவரின் கை, அவர் கோபம், அவர் கொஞ்சல் எல்லாம் அந்தக் கூர்மையில் இருக்கின்றன. டிரம்ஸுடன் சேர்ந்து தாளம் பூட்டிக்கொள்வதும் அங்கேதான். அட்டாக் 1 மில்லிசெகண்டில் இருந்தால் கம்ப்ரஸர் அந்தக் கூர்மையைப் பிறந்த இடத்திலேயே அமுக்கிவிடும். 20, 30 மில்லிசெகண்ட் கொடுத்தால் கூர்மை தப்பிப் போய்விடும், பின்னால் வரும் உடல் மட்டும் அமுங்கும். அப்போது சுரம் முன்பைவிடத் துடிப்பாகக்கூடக் கேட்கும்.

இதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். ரேஷியோவை வேண்டுமென்றே மிக உயர்த்துங்கள், எவ்வளவு அமுக்கப்படுகிறது என்று காட்டும் மீட்டர் 15 டெசிபல் இழுக்கும் வரை த்ரெஷோல்டை இறக்குங்கள். ஏதாவது ஒரு சுரத்தை ஒரே தாளத்தில் மீட்டிக்கொண்டே இருங்கள். அட்டாக் குமிழை மிக வேகமான முனையிலிருந்து மெல்ல மெல்லத் திறந்து வாருங்கள். முதலில் தலையணையை அடிப்பது போல இருக்கும். ஓரிடத்தில் விரலின் நகம் தெரியத் தொடங்கும். உங்களுக்கு வேண்டிய இடம் அதைச் சுற்றித்தான். அங்கே நிறுத்திவிட்டு ரேஷியோவை 3:1 அல்லது 4:1-க்கும், த்ரெஷோல்டை ஓங்கிய சுரங்களில் மட்டும் 4 முதல் 6 டெசிபல் இழுக்கும் அளவுக்கும் கொண்டுவாருங்கள். மிகைப்படுத்திக் கேட்காமல் இந்தக் குமிழ்களின் வேலையைக் காது கற்றுக்கொள்வது கடினம். ஓர் எச்சரிக்கையும் உண்டு: 1176 வழிவந்த கருவிகளில் அட்டாக், ரிலீஸ் குமிழ்களை வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும். மற்ற பலவற்றில் வலப்பக்கம் என்றால் நேரம் நீளும். திசையைப் பார்க்காமல் திருப்பிவிட்டு, கருவி மோசம் என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரிலீஸ் என்பது கையை எடுக்கும் நேரம். பேஸ் வாசிப்பவருக்கு இதில் ஒரு தனிப்பொறி இருக்கிறது. அதிகம் பேர் இதைச் சொல்வதில்லை. நான்கு தந்தி பேஸின் தடித்த தந்தி திறந்த நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கு 24 மில்லிசெகண்ட். ரிலீஸை 20 மில்லிசெகண்ட் என்று வைத்தால், ஒரே அதிர்வுக்குள்ளேயே கம்ப்ரஸர் அமுக்குவதும் விடுவதுமாக ஆடத் தொடங்கும். சுரத்தின் அளவைப் பின்தொடர வேண்டிய கருவி அலையின் வடிவத்தையே நெளிக்கிறது. காதில் அது மெல்லிய கரகரப்பாக விழும். ஆம்ப் பழுது, தந்தி பழுது என்று தேடிக்கொண்டிருப்போம். அட்டாக்கும் மிக வேகமாக இருந்தால் இது இன்னும் மோசமாகும். பேஸுக்கு ரிலீஸை 100 மில்லிசெகண்டுக்கு மேல் வைத்துத் தொடங்குங்கள். மேல் எல்லையை உங்கள் தாளம் சொல்லும்: நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 500 மில்லிசெகண்ட். அடுத்த தட்டு விழுவதற்குள் மீட்டர் முள் ஏறத்தாழ பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் அடுத்த சுரம் பிறக்கும்போதே அமுங்கிப் பிறக்கும். தட்டையாகத் தெரிவதற்கு அது இரண்டாவது காரணம்.

உங்கள் பெடலில் இரண்டே குமிழ்கள் இருந்தால் இதில் பாதியைச் செய்ய முடியாது. 1970-களில் வந்த டைனா காம்ப் என்ற கம்ப்ரஸர் பெடலின் வழியில் செய்யப்பட்ட பெடல்களில் ‘அவுட்புட்’, ‘சென்சிடிவிட்டி’ என்ற இரண்டு மட்டும் இருக்கும். அட்டாக் உள்ளுக்குள்ளேயே நிலையாக வைக்கப்பட்டிருக்கும். கிட்டாரில் அந்தப் பிசிறில்லாத, சற்றே நசுங்கிய ஓசை பலருக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். பேஸுக்கு அது சரிவராமல் போனால் குறை உங்களிடம் இல்லை. நேரடி ஒலியையும் அமுக்கிய ஒலியையும் கலக்கும் ‘பிளெண்ட்’ குமிழ் இருந்தால் அதுவே மருந்து: பாதிக்குப் பாதி கலந்தால் விரலின் கூர்மை நேரடி ஒலியில் வந்துவிடும்.

வரிசைக்கு வருவோம். ஒரு பெட்டிக்கு முன்னால் என்ன இருக்கிறதோ அதற்கு அது எதிர்வினை செய்யும். அதன் பின்னால் இருப்பது, அது வெளியே விட்டதைத்தான் வாங்கும். இந்த ஒன்றை வைத்தே உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. டிஸ்டார்ஷனே ஒரு கடுமையான கம்ப்ரஸர்தான். அலையின் தலையை வெட்டுவதால் ஓங்கியதும் மெல்லியதும் ஏறத்தாழ ஒரே அளவில் வெளியே வரும். அதற்குப் பின்னால் கம்ப்ரஸர் வைத்தால் அமுக்குவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது, டிஸ்டார்ஷனின் சீறல் மட்டும் மேலே வரும். முன்னால் வைத்தால் எல்லாச் சுரங்களும் டிஸ்டார்ஷனை ஒரே மாதிரி தள்ளும், நீளமாகவும் நிற்கும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. மெதுவாக வாசித்தால் தெளிவாகவும் அழுத்தி வாசித்தால் கரகரப்பாகவும் ஒலிக்கும் அந்த அழகான இடைநிலையை இழந்துவிடுவீர்கள். பொதுவாக முன்னால் வையுங்கள். அந்த இடைநிலைதான் உங்கள் வாசிப்பின் உயிர் என்றால், டிஸ்டார்ஷன் போடும்போது கம்ப்ரஸரை அணைத்துவிடுங்கள்.

ஆட்டோ-வா போன்ற, கையின் அழுத்தத்தைக் கேட்டு வாய் திறக்கும் பெடல்கள் கம்ப்ரஸருக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் எல்லாச் சுரமும் ஒரே அளவில் வந்து வாய் ஒரே மாதிரி திறக்கும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய ஃபஸ் (கடுமையான டிஸ்டார்ஷன்) பெடல்களுக்குக் கிட்டாரின் பிக்கப்போடு நேரடித் தொடர்பு வேண்டும்; அவற்றையும் முதலில் வையுங்கள். வால்யூம் பெடலைக் கம்ப்ரஸருக்கு முன்னால் வைத்தால் நீங்கள் குறைக்கக் குறைக்க அது அமுக்குவதை விட்டுக்கொண்டே வரும், காலில் பாதித்தூரம் போன பிறகுதான் சத்தம் இறங்கும். டிலே, ரிவெர்ப் இரண்டும் கம்ப்ரஸருக்குப் பின்னால். இல்லாவிட்டால் நீங்கள் நிறுத்திய கணத்தில் எதிரொலி வீங்கிக்கொண்டு மேலே வரும். அதையே வேண்டிச் செய்பவர்களும் உண்டு, அது வேறு கதை. கீழ், மேல் ஒலிப் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்பதில் சட்டம் எதுவும் இல்லை. தேவையற்ற கீழ்ப்பகுதியை முன்னால் வெட்டுவது, வேண்டியதைப் பின்னால் ஏற்றுவது என்பது என் பழக்கம். கோரஸ் பெடலை எங்கே வைப்பது என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அந்த வித்தியாசத்தை மேடையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பாட்டுக்கு வரும்போது கணக்கு அதேதான், ஆபத்து வேறு. மேடையில் மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. நான் இந்த வேலைக்கு வந்த தொடக்கத்தில் மென்மையான குரல் கொண்ட ஒரு பாடகிக்குக் கம்ப்ரஸர் போட்டு, கெய்னை 8 டெசிபல் ஏற்றி வைத்தேன். ஒத்திகையில் அருமையாக இருந்தது. நிகழ்ச்சியில் அவர் பல்லவியை முடித்து மூச்செடுக்க நிறுத்தினார். அந்த இரண்டு நொடி மௌனத்தில் ஸ்பீக்கர் ஊளையிட்டது. அவர் பாடும்போது கம்ப்ரஸர் 8 டெசிபல் அமுக்கிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றதும் கையை எடுத்துவிட்டது. நான் ஏற்றி வைத்த 8 டெசிபலும் முழுதாக மைக்குக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் முகத்தில் தெரிந்த அதிர்ச்சி இன்றும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து மேடைக் குரலுக்கு 3:1, ஓங்கிய இடங்களில் 3 முதல் 5 டெசிபல் வரைதான் இழுக்க விடுவேன். ஏற்றும் கெய்னைக் கணக்காகவே தருவேன். பாடுபவரின் எதிரே இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கு, கம்ப்ரஸருக்கு முன்னாலிருந்து ஒலியை எடுத்து அனுப்புவேன். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: தன் குரல் அமுக்கப்படாமல் காதில் விழும்போது, பாடுபவர் தானே அடக்கியும் ஓங்கியும் பாடுவார். மைக்கின் லோ-கட்டை, அதாவது தேவையற்ற கீழ் ஒலியை வெட்டும் பொத்தானை, கம்ப்ரஸருக்கு முன்னாலேயே போடுங்கள். இல்லையென்றால் ‘ப’ உச்சரிக்கும்போது வரும் காற்று மோதி முழு வரியையும் அமுக்கிவிடும்.

லிமிட்டர் இருக்கும்போது கம்ப்ரஸர் எதற்கு என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். கம்ப்ரஸர் வாசிப்புக்காக, லிமிட்டர் விபத்துக்காக. வரிசையின் கடைசியில் நின்று, சாதாரணமாக ஒன்றும் செய்யாமல், மைக் கீழே விழும் நாளில், யாரோ கேபிளைப் பிடுங்கும் கணத்தில் மட்டும் வேலை செய்ய வேண்டிய காவல் அது. நிகழ்ச்சி முழுவதும் லிமிட்டரின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அமைப்பில் வேறெங்கோ தவறு இருக்கிறது. உள்ளேயே ஆம்ப் கொண்ட பெரும்பாலான ஸ்பீக்கர்களில் ஏற்கெனவே ஒரு லிமிட்டர் இருக்கும். அதன் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள், மிக்ஸரில் இன்னொன்றை அடுக்கும் முன்.

லிமிட்டர் இருப்பதாலேயே ஸ்பீக்கர் பாதுகாப்பாக இருக்கிறது என்றும் நம்ப வேண்டாம். ஸ்பீக்கர் சுருளை எரிப்பது பெரும்பாலும் உச்ச ஒலி இல்லை, சராசரி வெப்பம். உச்சங்களை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் ஏற்றும்போது, உச்சம் அதே இடத்தில் நிற்க, சராசரி மட்டும் ஏறுகிறது. சராசரி 3 டெசிபல் ஏறினால் சுருளுக்குப் போகும் மின்திறன் இரண்டு மடங்கு. காதுக்கும் இதே நியாயம்தான். காதுக்குள் மாட்டும் மானிட்டர் அணிந்து பாடுகிறீர்கள் என்றால் அந்த வரிசையில் லிமிட்டர் கட்டாயம். திடீர் வெடிப்பிலிருந்து அது காக்கும். ஆனால் மூன்று மணி நேரம் உரக்க வைத்துக் கேட்பதிலிருந்து காக்காது. 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது தொழில்சார் செவிப் பாதுகாப்பில் அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் அளவு. வாசிப்பவர்கள் இதை அலட்சியம் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. போன செவி திரும்ப வராது.

வீட்டில் பதிவு செய்கிறீர்கள் என்றால் ஒன்றே ஒன்று. கணினிக்குள் போடும் லிமிட்டர், மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும் இடைமுகக் கருவிக்குள் நுழையும்போதே வெட்டுப்பட்ட ஒலியைக் காப்பாற்றாது. அது நிற்பது வெட்டு விழுந்த பிறகு. 24-பிட்டில் பதிவு செய்யும்போது இரைச்சல் தளம் மிகக் கீழே இருப்பதால், உச்சங்கள் எல்லைக்கு 10, 12 டெசிபல் கீழேயே நிற்கும்படி கெய்னை இறக்கி வையுங்கள். அமுக்குவதைப் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

எதை எப்படி வைத்தாலும் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். பெடலைப் போட்டாலும் எடுத்தாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி அவுட்புட் குமிழைச் சரிசெய்துவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள். உரக்க ஒலிப்பது எதுவும் காதுக்கு நல்லதாகத்தான் தோன்றும். 1 டெசிபல் வித்தியாசம்கூட முடிவை மாற்றிவிடும். சமன் செய்து கேட்ட பிறகும் பெடல் போட்ட ஒலிதான் உங்களுக்குப் பிடிக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால், கை ஏற்கெனவே சீராக வாசிக்கிறது என்று பொருள், சந்தோஷமாக அணைத்துவிடுங்கள்.

இரைச்சலின் மீதிப் பாதிக்கு இதைப் பாருங்கள். பெடல் இயங்கும்போது கிட்டாரின் வால்யூமை முழுவதும் மூடுங்கள். இரைச்சல் மறைந்துவிட்டால் அது பிக்கப் வழியாக வருவது. ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால், நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பிப் பாருங்கள், ஒரு திசையில் முனகல் குறையும். மறையவில்லை என்றால் பெடலிலோ அதன் மின்சாரத்திலோ இருக்கிறது. அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுங்கள். அப்போது போய்விட்டால் பெடல் நல்ல நிலையில்தான் இருக்கிறது, ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாக மின்சாரம் தரும் சப்ளை ஒன்றுதான் வேண்டும். பேட்டரியிலும் சீறல் இருந்தால் அவுட்புட் குமிழை இறக்கி, சென்சிடிவிட்டியைப் பாதிக்குக் கொண்டுவந்து, மறுபடியும் வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் பெடலின் பெயரையும், குமிழ்கள் இருக்கும் நிலைகளையும், எதற்குப் பின் எதைச் செருகியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.